ட எந்தப் பக்கம்?

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இது ஐந்தாவது கடிதம். முதல் நாலுக்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தடவை எனக்காக எழுதவில்லை. கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. நிலநடுக்கத்தில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்த முப்பத்தியொரு குழந்தைகளை, மூடிக்கிடந்த ஒரு நெசவாலையில் வைத்திருக்கிறார்கள். தறிகளை எடுத்துவிட்ட நீளமான கூடத்தில் கட்டில்கள். மூலையில் இன்னும் நூல்கண்டுகள் குவிந்து கிடக்கின்றன. என் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நான் என்னையே "அக்கா, அக்கா" என்று சொல்லிக் காட்டியதில், ஐம்பத்தெட்டு வயது வார்டன் அம்மா உட்பட எல்லோருக்கும் நான் அக்கா.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். நான் அவளுக்கு வைத்த பெயர் மூக்காயி. தட்டு, பொத்தான், என் விரல், எதைக் கொடுத்தாலும் மூக்குக்கு நேரே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள். பாடம் நடக்கும்போது கரும்பலகைக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். வெளியே விளையாட வரமாட்டாள். யாரோடும் பேச்சு கிடையாது.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று படங்களைத் தூக்கிக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டாள். மூக்காயி வாயே திறக்கவில்லை. 'மூளை வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். மார்ச் 14ஆம் தேதி வண்டியோடு வந்து, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான விடுதிக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போவாளாம். அந்த விடுதியை நான் போய்ப் பார்த்தேன். நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். சன்னல்கள் தலைக்கு மேலே இருக்கின்றன. அங்கே போன குழந்தை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று வார்டன் அம்மாவே சொன்னாள்.

தம்பி, அவளுக்கு மூளை இருக்கிறது. கண்தான் தெரியவில்லை. எனக்கு நிச்சயம். ஆனால் 'எனக்கு நிச்சயம்' என்று நான் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். கண் டாக்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். பாலம் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது, கோடைக்குள் கட்டி முடித்தால் பெரிய விஷயம். நான் நர்ஸ். நீதான் கண்ணாடிக்காரன். எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடு. ஒரு கண்ணாடி செய்து அனுப்பு. டேய் சோடாபுட்டி, இது ஒன்றைச் செய்.

உன் அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

சோடாபுட்டி என்று எழுதாதே. அந்தப் பெயரால் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது வாலு. பெற்ற அப்பனை அப்படிக் கூப்பிட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நீ.

உன் நாலு கடிதங்களும் கடை மேசை டிராயரில் பிரிக்காமல் கிடக்கின்றன. இதையும் பிரித்திருக்கமாட்டேன். என் வீட்டுக்காரி பிரித்துப் படித்துவிட்டு என் முன்னால் வைத்தாள். "பதில் எழுதற வரைக்கும் உங்ககூட எனக்குப் பேச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூன்று நாளாகிறது. வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசுகின்றன. அதனால் எழுதுகிறேன்.

நிச்சயம் என்ற வார்த்தையை நீயே எடுத்ததால் கேட்கிறேன். ஒன்றரை வருஷம் முன்னால், காலை பத்து மணி. வாலுவுக்கு மூன்றாவது நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நான் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். வாசலில் நின்று தடுத்தது யார்? "ஜெபம் பண்ணிட்டேன்டா. சாயங்காலத்துக்குள்ள இறங்கிடும், எனக்கு நிச்சயமாத் தோணுது. பிள்ளையைப் போட்டு அலைக்கழிக்காத." இது உன் வாய் வார்த்தை, ஒரு எழுத்து மாற்றவில்லை. நீ நர்ஸ். நீ சொன்னாய். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நாலு மணிக்கு வலிப்பு வந்தது. வண்டியில் போகும்போதே என் மடியில் முடிந்துவிட்டது.

அப்புறம் நீ கடல் தாண்டிப் போய் முப்பத்தியொரு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாய். சபையில் உன் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்களாம். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பார்வைக்கு என்னிடம் ஏன் வருகிறாய்? உன் ஜெபம் என்ன ஆயிற்று?

சரி. அளக்கும் வழி இது. அப்பாவின் ட விளையாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் கடைக்கு வந்தால் ட எழுதிய அட்டையைக் காட்டுவார். அதை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி "எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அவர்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து ட பிடித்துக் காட்டுவார்கள். அந்தப் பெண்ணுக்கு முதலில் இதைப் பழக்கு. பிறகு பொடி எழுத்தில் ஒரு ட எடுத்து அட்டையில் ஒட்டு. உன் ஜெபப் புத்தகத்து எழுத்தளவு போதும். ஒரு கண்ணை மூடச் சொல். மூக்கருகே ஆரம்பித்து, திருப்பித் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழு. அவள் தப்பில்லாமல் காட்டும் கடைசித் தூரத்துக்கு, கண்ணிலிருந்து அட்டை வரை நூல் பிடித்து வெட்டு. ஸ்கேல் வைத்து எண் எழுதாதே, நீ தலைகீழாக எழுதுவாய். நூலையே அனுப்பு. வலது கண் நூலில் ஒரு முடிச்சு. இரண்டு கண்மணிக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு இரண்டு முடிச்சோடு இன்னொரு நூல். நூல் குட்டையாக ஆக ஆக, கண்ணாடியின் பவர் கூடும்.

இது அந்தக் குழந்தைக்காக. உனக்காக இல்லை.

தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நூல்கள் மூன்றும் உள்ளே இருக்கின்றன. பத்திரமாக எடு, உன் மேசையில் கிடக்கும் குப்பையோடு குப்பையாகக் கலந்துவிடப் போகிறது.

ட பழக்க நாலு நாள் ஆயிற்று. மூக்காயியை மட்டும் கூப்பிட்டால் மிரண்டாள். அதனால் எல்லோருக்கும் விளையாட்டு என்று சொன்னேன். இப்போது சாப்பாட்டு வரிசையில் முப்பத்தியொரு குழந்தைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து விரலை விரிக்கிறார்கள். வார்டன் அம்மா, இது உங்கள் ஊர் வணக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பொடி ட எங்கே கிடைக்கும்? இந்த ஊரில் தமிழ் எழுத்து என்றால் என் ஜெபப் புத்தகம் ஒன்றுதான். முதல் பக்கத்தில் முதல் வார்த்தை கடவுள். கத்தரியை எடுத்து அதிலிருந்து ட-வை வெட்டினேன். இப்போது கடவுளுக்கு நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது வழியாக அடுத்த பக்கம் தெரிகிறது. அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் அவரோடு போட்ட சண்டைக்கு இது எவ்வளவோ மேல்.

மூக்கருகே வைத்துப் பன்னிரண்டு தடவை திருப்பினேன். பன்னிரண்டும் சரி. மூளை வளராத பிள்ளை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு காட்டுமா? ஆனால் ஒரு கண்ணுக்கு என் நடுவிரல் நீளம் தாண்டியதும், சட்டென்று அவள் கை மடியில் விழுந்துவிட்டது. இன்னொரு கண் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் ஒரு சாண் வரவில்லை. அதற்கு அப்பால் அந்தக் குழந்தைக்கு உலகம் கிடையாது. நான் இத்தனை மாதமாக எட்ட நின்று சிரித்த சிரிப்பு ஒன்றுகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

வாலுவைப் பற்றி நீ எழுதியதில் எதையும் மறுக்கப் போவதில்லை. அன்றைக்கு அவள் நெற்றியைத் தொட்டது நர்ஸின் கை. அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்தது. பேசியது பயந்துபோன அத்தையின் வாய். என் ஆசையை நானே ஜெபத்துக்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் முழங்கால் போட்டால் வாயில் ஒரு வார்த்தை வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் இந்தக் குழந்தைகளின் படத்தைக் காட்டி, "இங்க நர்ஸ் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். என்னிடம் யாரும் ஜெபம் கேட்கவில்லை, வேலை கேட்டார்கள். கையைத் தூக்கிவிட்டேன். நான் ஓடிப்போனேன் என்று நினைக்கிறாய். பாதி அதுவும்தான்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தாமதம் பண்ணாதே.

உன் அக்கா


மார்ச் 3, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சீட்டு

அக்கா,

உங்கள் கூரையைச் சரிபண்ண வரும் சபைத் தச்சர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முடிச்சுள்ள நூல் படி வலது, இல்லாத நூல் படி இடது. கண்ணாடி தடிமன், முதலில் தலை சுற்றும், கொஞ்சம் பொறு. மீதி விவரத்தைத் தபாலில் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

தச்சர் முந்தாநாள் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்தேன். சிவப்பு ஃப்ரேமைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாலுவின் கண்ணாடியைக் கொடுத்தனுப்புவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு மூக்காயியைக் கூப்பிட்டேன்.

மாட்டி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டடி எடுத்து வைத்தாள், கதவு நிலையில் மோதினாள், கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள், வாந்தி எடுத்தாள். பொறு என்று எழுதியிருந்தாயே, பொறுத்தேன். நேற்று ஒரு தடவை, இன்று ஒரு தடவை. எட்ட இருந்து ட காட்டினால் விரலை விரிக்கிறாள், பக்கம் எல்லாம் தப்பு. இப்போது என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். நாலு நாள் பழக்கிய விளையாட்டும் போயிற்று.

வார்டன் அம்மா என் தோளைத் தட்டி, "விட்டுடு அக்கா, நீ ஆசைப்பட்டேங்கறதுக்காகப் பிள்ளை மாறிடாது" என்றாள். அவள் மொழியில் சொன்னாள், ஆனால் எனக்கு நம் வீட்டு வாசலில் யாரோ சொன்ன மாதிரி கேட்டது. மறுபடியும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்கிறேனா? என் ஆசையைப் போய் நிச்சயம் என்று சொன்னேனா?

உன்னை ஒன்று கேட்கிறேன். கோபத்தோடு அரைத்தாயா? வேண்டுமென்று பண்ணமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் கைக்கும் கோபம் உண்டு. இல்லை, நூலைத்தான் மேசையில் தொலைத்துவிட்டு ஒரு கணக்காகப் போட்டாயா? சொல்லிவிடு.

இன்னும் ஆறு நாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வண்டி வந்து போயிருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அக்கா


மார்ச் 3, மாலை

(ஓரத்தில் அக்காவின் கையெழுத்தில்: 13ஆம் தேதி மதியம்தான் என் கைக்கு வந்தது.)

அக்கா,

தச்சரை ஏற்றிவிட்டு இப்போதுதான் கடைக்குத் திரும்பினேன். உடனே எழுதுகிறேன், ஏனென்றால் நேற்றிலிருந்து ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அளக்கும்போது எங்கே உட்கார்ந்திருந்தாய்? அவளுக்கு எதிரிலா, பக்கத்திலா?

பதினாறு வயதில் நீ அப்பா கடையில் அளவு எழுதினாய். ஒரு வாத்தியாருக்கு வலதையும் இடதையும் மாற்றி எழுதி, மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, சாக்கடையில் போய்ச் சேர்ந்தார். எதிரில் உட்கார்ந்து, உன் வலதுக்கு நேரே இருந்ததை அவர் வலது என்று எழுதியிருந்தாய். அப்பா உன் மண்டையில் குட்டி, "எதிர்ல உக்காராத, பக்கத்துல உக்காரு. அப்பத்தான் அவங்க வலது உன் வலதா இருக்கும்" என்றார். அதற்குப் பிறகும் நீ இரண்டு தடவை மாற்றி எழுதினாய்.

ஜனவரியில் இதை உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வாலுவைப் பற்றி முக்கால் பக்கம் எழுதினேன், கையில் கோபம் இருந்தது, முக்கியமானதை விட்டுவிட்டேன். அது என் தப்பு.

உன்னை நம்பாமல் நானே மாற்றிப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒருவேளை நீ சரியாகப் பண்ணியிருந்தால்? அதனால் நூல் சொன்னபடியே போட்டேன். ஆனால் மாற்றிக்கொள்ளத் தோதாகப் போட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில், முழு வட்டமாக இருக்கும் குழந்தை ஃப்ரேம் கடையில் ஒன்றுகூட இல்லை. வட்டம் வேண்டும் என்று வாலு அடம்பிடித்து என்னைச் செய்ய வைத்தது ஒன்றுதான் இருந்தது. அது இருந்த அலமாரிப் பக்கமே நான் போகவில்லை. என் வீட்டுக்காரிதான் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

கண்ணாடி சரியாக இருந்தால் இதைக் கிழித்துப் போடு. மோதினாள், மயக்கம் என்றாளானால், பெட்டியில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறேன். காதுக்கம்பி சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னத் திருகு இருக்கும். தளர்த்து. கண்ணாடிகளை எடுத்து இடம் மாற்று. குழிவான பக்கம் கண்ணைப் பார்க்க வேண்டும். முறுக்கு. அவ்வளவுதான். நேரில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இது நேரத்துக்கு வந்து சேர வேண்டும். நான் ஜெபம் பண்ணுகிறவன் இல்லை, தபால்காரரிடம் மட்டும் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 15

என் தம்பிக்கு,

எதிரில்தான் உட்கார்ந்தேன். எதிரில்தான், எதிரில்தான். உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், அப்பா குட்டிய இடம் நிஜமாகவே வலித்தது.

ஸ்க்ரூடிரைவரைக் காணோம். பெட்டியில் பார்த்தபோது, தச்சருடையது தவறி விழுந்திருக்கிறது என்று நினைத்து நானே அவர் பையில் போட்டுவிட்டேன். அந்த மனுஷன் கூரை உச்சியில். கீழே நின்று கத்துகிறேன், அவருக்கு ஆணி அடிக்கும் சத்தத்தில் காது கேட்கவில்லை. அம்பது வயதை நெருங்குகிறவள் ஏணியில் ஏறினேன். மேலே போனால், "இதையா தேடறீங்க? நான் காது குடையறதுக்கு வெச்சுக்கிட்டேன்" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். கண்ணாடியை அவரே அங்கே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். நான் பொடித் திருகுகளை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்று விழுந்திருந்தால் கதை முடிந்தது.

மூக்காயி கட்டிலுக்கு அடியில் இருந்தாள். நானும் கீழே படுத்து, அவள் பக்கத்தில் போய், அவள் பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் கழித்து அவளே கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கினாள். மாட்டினாள். எறியவில்லை. தன் கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மெதுவாக வெளியே வந்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு குழந்தை அவளைப் பார்த்து விரலை விரித்து ட காட்டியது. இவள் திருப்பிக் காட்டினாள், தம்பி. சுவரைத் தொடாமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு காட்டினாள்.

நேற்று அதிகாரி அம்மா வந்தாள். வாசலில் வண்டி நின்றது, உள்ளே ஒரு ஆயா தயாராக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சிரிப்பு. "கண்ணாடி போட்டா புத்தி வந்துடுமா?" என்றாள். மறுபடி பார்க்க முடியாது, உத்தரவு போட்டாயிற்று என்றாள். நான் வண்டிக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன். பத்து நிமிஷம் கொடுங்கள், நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று பெரிய ட எழுதிய விளையாட்டு அட்டையை அவள் கையில் திணித்தேன். இது என்ன என்று கேட்டாள். எங்கள் எழுத்து, நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் சொல்வாள் என்றேன்.

வேண்டாவெறுப்பாகத் திருப்பினாள். மூக்காயி காட்டினாள். நாலடி பின்னால் போய்த் திருப்பினாள். காட்டினாள். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. போட்டிக்கு நிற்கிற மாதிரி பின்னால் பின்னால் போய்க்கொண்டே திருப்பினாள், குழந்தையின் விரல்களும் திரும்பிக்கொண்டே இருந்தன. கடைசியில் முதுகு எதிர்ச்சுவரில் முட்டி நின்றாள். அப்போது மூக்காயி வாயைத் திறந்தாள். பத்து மாதத்தில் அவள் முழுதாகப் பேசி நான் கேட்ட முதல் பேச்சு: "அந்த அம்மா சட்டையில ஒரு பொத்தான் இல்ல."

அதிகாரி குனிந்து பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. காலையில் வீட்டிலிருந்து அப்படியேதான் கிளம்பி வந்திருக்கிறாள். கழுத்து வரை சிவந்துபோனாள். அப்புறம் காகிதத்தை எடுத்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'பார்வைக் குறைவு, கண்ணாடி அணிய வேண்டும், இங்கேயே படிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

நான் போய் என் கட்டிலில் உட்கார்ந்து ஓட்டைப் புத்தகத்தைத் திறந்தேன். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாமல் ஜெபம் பண்ணினேன். இப்படி ஒரு ஜெபம் இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது.

உன் மேல் சந்தேகப்பட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன், அது இதற்கு முன்னாலேயே உனக்கு வந்திருக்கும். அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இதோடு ஒரு நூல்கண்டு வைத்திருக்கிறேன். மூக்காயி கண்ணிலிருந்து, அதிகாரி பிடித்திருந்த அட்டை வரைக்கும் உள்ள தூரம். ஒரு முனையைத் தச்சர் பிடித்தார், மறுமுனையைச் சாட்சாத் மூக்காயியே பிடித்தாள். ஸ்கேல் வைத்து அளக்கவில்லை, நான் தலைகீழாக எழுதுவேன். நீயே அளந்துகொள்.

ட விளையாட்டில் இன்னும் ஆறு குழந்தைகள் தப்புத் தப்பாகக் காட்டுகிறார்கள். சும்மா சொல்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 27

அக்கா,

எட்டாம் தேதிக் கடிதம் முதலில் வந்தது. வாந்தி எடுத்தாள் என்று படித்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லை. தேதி பதினாலு அதற்குள் தாண்டிவிட்டிருந்தது, சாப்பாடும் இறங்கவில்லை. வீட்டுக்காரியும் எதிரே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் அப்படிப் போயிற்று. பிறகு இந்த உறை வந்தது, தடவிப் பார்த்தால் உள்ளே ஏதோ உருண்டையாக இருந்தது.

கடையில் வைத்துப் பிரித்தேன். முனையை இவள் பிடித்துக்கொண்டு மேசையருகே நின்றாள். நான் விரித்துக்கொண்டே போனேன். கடை முடிந்தது, நூல் முடியவில்லை. வாசல் படி இறங்கினேன், முடியவில்லை. தெருவில் போன சைக்கிள்காரரை நிறுத்திவிட்டு, குறுக்கே கடந்து, எதிர் வரிசைத் தையற்கடைப் படிக்கட்டில் போய் நின்ற பிறகுதான் தீர்ந்தது. தையற்காரர் "என்ன அளக்கறீங்க?" என்று கேட்டார். நடுத்தெருவில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன் அக்கா. வாலு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை, அப்போது உன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இனி ஒன்றை எழுத வேண்டும். இதை எழுத இரண்டு நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் சட்டை மாட்டவில்லை. ஆணியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. பனியனோடுதான் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டு வெறுங்கையோடு திரும்பியதுதான் ஞாபகம் வரும். மூன்று நாளாக இவள் போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து சொன்னாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் 'சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன், அக்கா தடுத்துவிட்டாள்' என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சட்டை எனக்கே நிஜமாகிவிட்டது.

நீ என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாய். நான் பனியனோடு இருந்ததைப் பார்த்தவள் நீ. இந்த ஒன்றரை வருஷத்தில் ஒருதரம்கூட 'எங்கேடா சட்டை?' என்று நீ கேட்கவில்லை. ஜனவரியில் நான் அவ்வளவு கேவலமாக எழுதியும் கேட்கவில்லை. எல்லாப் பழியையும் நீயே சுமந்துகொண்டு போய்விட்டாய். நேற்று டிராயரைத் திறந்து உன் நாலு கடிதங்களையும் பிரித்துப் படித்தேன். அதிலும் இல்லை.

ஆறு குழந்தைகள் என்று சும்மா சொன்னாயாக்கும். நூல் வேண்டாம். நீ அளந்தால் இன்னொரு வாத்தியார் சாக்கடையில் விழுவார். அப்பாவின் சோதனைக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். பெரியதிலிருந்து சின்னது வரை எட்டு ட அட்டைகள் புதிதாக எழுதியிருக்கிறேன். ஏப்ரல் 20 வாக்கில் நானும் இவளும் அங்கே இருப்போம். இவள் ஜெபம் பண்ணுவாள். என்னைப் பண்ணச் சொல்லாதே, நான் வந்து வேலை செய்கிறேன். உன் புத்தகத்து ஓட்டையை மட்டும் ஒட்டிவிடாதே, நான் பார்க்க வேண்டும்.

மூக்காயியிடம் சொல், அந்தச் சிவப்புக் கண்ணாடியின் மூக்குப்பிடி கொஞ்சம் இறங்கும், வாலுவுக்கும் இறங்கும். நான் வந்து சரிபண்ணுகிறேன்.

எனக்கு நாற்காலி போடும்போது உன் எதிரில் போடாதே. பக்கத்தில் போடு.

சோடாபுட்டி